இருபத்தொரு மடிப்பு

அந்த வருடக் கணக்கெடுப்பு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு செடிகளை ஒழுங்காகக் கடந்து வந்து, ஏழாம் பாத்தியில் ஒரு பீப்பாய்க் கள்ளியின் முன்னால் சண்டிமாடு மாதிரிப் படுத்துக்கொண்டது.

பாலைவனத் தாவரத் தோட்டம் என்றால் நாலு கள்ளியை நட்டுவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிற வேலை என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு. எண் பொறித்த அலுமினியத் தகடு செடியின் காலடியில் இருக்கும். அதே எண்ணுள்ள அட்டை அலுவலகத்தில் இருக்கும். விதை எப்போது, யாரிடமிருந்து வந்தது, வருடா வருடம் உயரம் என்ன, சுற்றளவு என்ன, எந்த மாதம் பூத்தது, என்ன சீக்கு வந்தது, எல்லாம் அந்த அட்டையில். மனிதர்கள் விஷயத்தில் பெற்ற தாயே அவ்வளவு விவரம் வைத்திருப்பதில்லை.

அட்டைகளைக் காத்த பதிவாளரை அட்டைக்காரர் என்றார்கள். மரக்கோலையும் நாடாவையும் தூக்கிக்கொண்டு செடி செடியாக அளந்தவரைக் கோல்காரர் என்றார்கள். கோல்காரர், அட்டைக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. முப்பது வருடத்தில் இவர்கள் இருவருடைய சொந்தப் பெயரையும் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை. ஒருமுறை யாரோ வாசலில் வந்து அட்டைக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தபோது, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

அளவு விஷயத்தில் அட்டைக்காரர் கறார். ஒரு கோடையில் அடித்த வெயிலில் இரும்பு நாடாவே நாலு விரல் நீண்டுபோய், தோட்டத்துச் செடிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் குள்ளமாகிவிட்டன. புது நாடா வரும்வரை செடிகளுக்கு வளரத் தடை என்று சுற்றறிக்கை அனுப்பினார். செடிகளும் பணிந்தன.

செத்த செடியைப் பற்றி எழுதுவதில் இன்னும் கறார். செத்ததின் எண்ணை எடுத்து இன்னொரு செடிக்கு மாட்டக்கூடாது. அந்த எண் அந்தச் செடியோடு போய்ச் சேர்ந்தது. செத்தது என்று எழுதினால் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும், நேரில் வெறும் கூடாக நின்றாலும், காகிதத்தில் அது உயிரோடுதான் இருக்கும். சாவுக்குக் காரணமும் எழுதவேண்டும். இங்கேதான் அட்டைக்காரர் எல்லோர் உயிரையும் வாங்குவார். 'அழுகல்' என்று எழுதிக்கொண்டு வந்தால் அட்டை திரும்பிப் போகும். "அழுகல் காரணம் இல்லப்பா. அழுக வெச்சது எது? அத எழுது." முந்தைய இயக்குநர் ஒரு நாள் காரைப் பின்னால் எடுத்தபோது எண்பது வயதுத் தூண் கள்ளி ஒன்று சாய்ந்து, காரின் கூரையைத் தட்டையாக்கி, உள்ளே இருந்தவரின் தொப்பியில் மூன்று முள்ளை நட்டுவிட்டுத்தான் உயிரை விட்டது. காரணம் என்ற கட்டத்தில் அட்டைக்காரர் 'இயக்குநர்' என்று எழுதினார். விபத்து என்று மாற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. "விபத்துக்கு கார் ஓட்டத் தெரியுமாங்க?" என்று கேட்டார். வந்த ஆள் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவரை மடக்கியது எண் 2207.

அவர் மனைவி நாற்றங்காலில் வேலை பார்த்தவள். கல்யாணமான வருடம் ஒரு தட்டில் விதை தூவினாள். கடுகளவு பச்சைப் புள்ளிகளாக முளைத்ததில் தேறியவை இரண்டு. ஒன்று ஏழாம் பாத்திக்குப் போய் 2207 ஆயிற்று. மற்றது நாற்றங்காலுக்குப் பின்னால், வேலி ஓரம், யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் நடப்பட்டது. இருபத்தேழு வருடத்தில் 2207 முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. "உங்க மூளையவிட இது வேகமா வளருதுங்க," என்று அவள் வருடா வருடம் சொல்வாள். அவரும் வருடா வருடம் அட்டையைப் பார்த்து, "ரெண்டு சென்டிமீட்டர்தான்," என்பார்.

பீப்பாய்க் கள்ளியின் உடம்பில் உச்சியிலிருந்து அடிவரை மடிப்புகள் ஓடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவற்றை எண்ணவேண்டும். முதல் மடிப்பில் துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றைச் செருகிவிட்டு, அங்கிருந்து சுற்றிவந்து எண்ணுவது அவளுடைய வழி. கடைசியாக எண்ணியதும் அவள்தான். 'மடிப்பு 21' என்று அட்டையில் இருப்பது அவள் கையெழுத்து. அதற்கடுத்த மாதம் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கின.

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்றார் டாக்டர். அட்டைக்காரரிடம் சொன்னால் கேட்கவா வேண்டும்? புது நோட்டு வாங்கிக் கோடு போட்டார். நேரம், அளவு, மிச்சம். மாத்திரைக்கு முப்பது. காபிக்கு எண்பது. ரசம் ஊற்றிப் பிசைந்தால் ரசத்துக்கும் கணக்கு. "என்னையும் ஏழாம் பாத்தியில நட்டுடுங்க," என்பாள் அவள். "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஊத்துனாப் போதும்." அவர் சிரித்துக்கொண்டே எழுதுவார். அளவு தப்பாமல் இருந்தால் அவள் தப்பித்துவிடுவாள் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கே எழுநூறும் தீர்ந்துவிட்டது. நான்கு மணிக்கு, "ஒரே ஒரு வாய்," என்றாள். அவர் நோட்டைக் காட்டினார். அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். மறுநாள் காலை அவள் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் மதியம் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழாம் பாத்திக்குப் போனார். பாதித் தண்ணீரைத் தான் குடித்தார். மீதிப் பாதியை 2207இன் காலடியில் ஊற்றினார். அவருக்குத் தெரியாததா? தோட்டம் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம், "கள்ளி தாகத்துல சாகாது, பாசத்துலதான் சாகும்," என்று முப்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர். தெரிந்தது தலையில் இருந்தது. பிளாஸ்க் கையில் இருந்தது. அந்தத் தண்ணீரை எந்த அட்டையிலும் அவர் எழுதவில்லை. வாழ்க்கையில் அவர் எழுதாமல் விட்ட முதல் அளவு அதுதான்.

எட்டு மாதம் கழித்து, குளிர் காலத்தில், கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளப் பத்து நாள் லீவில் போனார். திரும்பி வந்தபோது உலகம் புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. மைத்துனருக்கோ ஒரு புது வியாதி பிடித்திருந்தது. தாகம். மதியம் அட்டைக்காரர் அலுவலகப் படியில் கால் வைத்ததும், "மாமா, தொண்டை காயுது," என்று கோல்காரர் எங்கிருந்தாவது முளைப்பார். ஏழாம் பாத்தி வருவதற்குள் பிளாஸ்க் காலி. அட்டைக்காரர் பிளாஸ்கைக் கவிழ்த்து உதறி, விழுந்த நாலு சொட்டைச் செடிக்குக் கொடுத்துவிட்டு வருவார். பெரிய பிளாஸ்க் வாங்கினார், அதுவும் காலியானது.

"டேய் மச்சான், இது நல்லதுக்கில்ல. போய்ச் சர்க்கரை பாரு."

"பாத்துட்டேன் மாமா. இல்லயாம்."

"இன்னொரு இடத்துல பாரு. ஒட்டகத்துக்குக்கூட இவ்வளவு தாகம் வராதுடா."

மூன்று இடத்தில் பார்த்தார்கள். மூன்றிலும் கோல்காரர் பரிபூரண ஆரோக்கியம். வயிறு மட்டும் பானை மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. நடந்தால் உள்ளே அலையடிக்கும் சத்தம் பக்கத்துப் பாத்திவரை கேட்டதாகத் தோட்டக்காரர்கள் சத்தியம் செய்தார்கள்.

இப்படியே வருடம் ஓடியது. வசந்தத்தில் பூத்தவற்றை எழுதினார்கள், கோடையில் சுருங்கியவற்றை எழுதினார்கள், மழைக்குப் பிறகு ஊதியவற்றை எழுதினார்கள். 2207 இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. "கோடை போட்ட போடு மாமா," என்றார் கோல்காரர். சுருங்குவது சகஜம்தான் என்று அட்டைக்காரரும் எழுதிக்கொண்டார். கடைசியில் வருட முடிவும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் மடிப்பு எண்ணிக்கையும் சேர்ந்து வந்தன.

"இருபத்தொண்ணு. எழுதுங்க மாமா," என்றார் கோல்காரர், செடியைச் சுற்றிவராமலே.

"எண்ணினியா?"

"அக்கா எண்ணினதுதானே? அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது?"

"கூடியிருக்கலாம். வயசாக ஆக மடிப்பு கூடும்டா, குறையாது. கிளிப்ப எடு."

"வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு டீ அடிச்சிட்டு வந்து எண்ணுவோமே."

"நாலாயிரம் செடி எண்ணும்போது வராத வெயில் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? கிளிப்பக் குடு."

அட்டைக்காரர் மண்டியிட்டுக் கிளிப்பைச் செருகினார். சுற்றி வந்தார். இருபது. கிளிப்பை வேறு மடிப்புக்கு மாற்றி, இந்தமுறை வலமிருந்து இடமாக வந்தார். இருபது.

"தப்பா எண்ணிட்டீங்க," என்றார் கோல்காரர். "ஆப்பரேஷன் பண்ணின கண்ணு, கூசும்."

"ஆப்பரேஷன் பண்ணினதாலதான் தெரியுது."

மூன்றாவது தடவை விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தொட்டு எண்ணினார். முள் இரண்டு இடத்தில் ரத்தம் பார்த்தது. இருபதுதான். அவள் தப்பாக எண்ணியிருப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தார். அவள் ஒரு மூட்டை விதையைக் கொட்டி எண்ணச் சொன்னாலும் ஒன்று பிசகமாட்டாள். பிறகு தகட்டைத் திருப்பிப் பார்த்தார். தகடு பழையது. அதைச் சுற்றியிருந்த கம்பி புதுசு.

"வேலியோரத்துல இருந்ததா இது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கோல்காரருக்குப் பயமாக இருந்தது.

"ஆமா மாமா."

"எப்ப?"

"நீங்க கண்ணுக்குப் போன மூணாம் நாள். காலையில வந்தேன். லேசா சாஞ்ச மாதிரி இருந்துச்சு. நிமித்தலாம்னு தொட்டேன்." கோல்காரர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "கை உள்ள போயிடுச்சு."

ஆள் வருவதற்கு முன்னால் தனியாகவே எல்லாவற்றையும் அள்ளியிருக்கிறார். நாற்றம் போகப் பாத்தியின் மண்ணை மாற்றியிருக்கிறார். வேலியோரத்துச் செடியைத் தோண்டி, சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் கொண்டுவந்து நட்டிருக்கிறார். அந்த வாரம் முதுகுப்பிடிப்பு என்று லீவு போட்டதும், உள்ளங்கையில் பதினேழு முள் எடுத்ததும் அட்டைக்காரருக்கு இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அக்கா போயி எட்டு மாசம். போட்ட சோத்துல உப்பு இருக்கா இல்லயான்னுகூடத் தெரியாம தின்னுட்டிருந்தீங்க. அந்த நேரத்துல வந்து, இதுவும் போயிடுச்சு மாமான்னு சொல்றதா?"

"எதனால போச்சு?"

"வேரழுகல்."

"அழுகல் காரணம் இல்..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அட்டைக்காரர் தன் தோளில் தொங்கிய பிளாஸ்கைப் பார்த்தார். மைத்துனரின் வயிற்றைப் பார்த்தார். 

"தினம் நீ குடிச்சதெல்லாம்..."

"தாகம் மாமா. நிஜமாவே தாகம்."

"பொய் சொல்லாதடா. உனக்குச் சர்க்கரைகூடக் கிடையாது."

இருவரும் கோலையும் நாடாவையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார்கள். வழக்கமாக எதிரில் வருகிற தோட்டக்காரர்கள் எல்லாரையும் வம்புக்கிழுத்துக்கொண்டு போகிறவர்கள், அன்று யாரையும் பார்க்கவில்லை.

பதிவறை நீளமானது. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஜன்னல் ஓரம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இயக்குநரம்மா காலையிலேயே ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்: 'அறிக்கை இன்று மாலைக்குள் வேண்டும். உயிருள்ளவை, இறந்தவை, மொத்தம்.' அட்டைக்காரர் 2207ஐ எடுத்து மேசையில் வைத்தார். மேலே பாதிவரை அவளுடைய எழுத்து, கீழே அவருடையது.

"விட்டுடுங்க மாமா," என்றார் கோல்காரர். "இதுவும் அக்கா தூவினதுதானே? ஒரே தட்டு, ஒரே நாள். கூடப்பிறந்தது. அது இருந்த எடத்துல இது இருந்துட்டுப் போகட்டும்."

"அவ தூவினதுதான். அவ எண்ணினது இல்ல."

"யாருக்குத் தெரியப்போகுது?"

அட்டைக்காரர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். எழுதாமல் விட்டால் 2207க்கு இந்த வருடமும் உயிர் இருக்கும். அடுத்த வருடமும். அவர் ரிட்டயராகி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகும் அது காகிதத்தில் இரண்டு இரண்டு சென்டிமீட்டராக வளர்ந்துகொண்டே இருக்கும். அவள் தூவி, அவளே எண்ணி, இந்த உலகத்தில் வளர்ந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான். எழுதிவிட்டால் அதுவும் முடிந்தது. முடித்தது தான்தான் என்பதும் அவர் கைப்படவே எழுத்தில் இருக்கும்.

எழுதினார். இறந்த தேதியை மைத்துனரிடம் கேட்டுப் போட்டார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கோல்காரர் எட்டி அட்டையைக் கையால் மறைத்தார்.

"பருவம் தப்பின மழைன்னு போடுங்க."

"மழை பிளாஸ்க்ல வருமாடா?"

"அப்ப வெறும் 'அதிக நீர்'னு போடுங்க. போதும்."

"நீர் தானா நடந்து போச்சா? கைய எடு."

'அதிக நீர். ஊற்றியவர்: பதிவாளர்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அட்டையைத் திருப்பி மைத்துனர் பக்கம் தள்ளினார்.

"நான் போடமாட்டேன்," என்றார் கோல்காரர்.

"நீதான் பாத்தவன். நீதான் போடணும்."

"உங்க பேர இதுல எழுதிட்டு எங்கிட்ட கையெழுத்துக் கேக்குறீங்களே, மனுஷனா நீங்க? போடமாட்டேன். அது உயிரோடவே இருக்கட்டும்."

"சொன்னாக் கேளு மச்சான். முந்நூறு பேர் எழுதிக்கிட்டு வந்தத நான் திருப்பி அனுப்பியிருக்கேன். எனக்குன்னு வரும்போது மட்டும் மழையா? நான்தான்டா கொன்னேன். எழுத வேண்டாமா?"

கோல்காரர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே பார்க்கிற மாதிரி நின்றார். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை; ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மண்வெட்டியும்தான்.

"அப்படிப் பாத்தா," என்றார் திரும்பாமலே, "அக்கா அட்டைல என் பேர எழுதணும்."

"என்ன உளர்றே?"

"அன்னிக்குச் சாயங்காலம் நீங்க மருந்துக் கடைக்குப் போனீங்கல்ல? நான்தானே பக்கத்துல இருந்தேன். தண்ணி கேட்டா. மாமா நோட்டுல முடிஞ்சு போச்சுக்கான்னேன். நோட்டு என்னடா நோட்டு, நான் உன்ன இடுப்புல தூக்கி வளத்தவடான்னா." கோல்காரர் ஜன்னல் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினார். "குடுத்துட்டேன் மாமா. விடிஞ்சா இல்ல. ரெண்டு வருஷமா உங்க மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம்..."

அடிப்பார் என்றுதான் கோல்காரர் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"எவ்வளவு?" என்றார் அட்டைக்காரர்.

"என்னது?"

"எவ்வளவு குடுத்த?"

"ஒரு டம்ளர்."

"எந்த டம்ளர்?"

"அந்தப் பெரிய எவர்சில்வர். தளும்பத் தளும்ப."

"முந்நூறு," என்றார் அட்டைக்காரர் தன்னையறியாமல். பிறகு, "சில்லுன்னா?" என்று கேட்டார்.

"பிரிட்ஜுலேர்ந்துதான் வேணும்னு கேட்டா."

"எப்படிக் குடிச்சா?"

கோல்காரர் திரும்பினார். மாமாவின் முகத்தில் அவர் தேடியது எதுவும் இல்லை. அங்கே இருந்தது, தொலைந்துபோன ஒன்றைப் பற்றி யாரோ துப்பு சொல்லும்போது மனிதர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்பார்களே, அது.

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு. கண்ண மூடிக்கிட்டு. நடுவுல மூச்சே விடல மாமா. கழுத்தெல்லாம் வழிஞ்சுது. தொடச்சுவிட்டேன். தொடைக்காதடா, இருக்கட்டும்னா."

அட்டைக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "முழுசும் குடிச்சாளா?"

"ஒரு சொட்டு வைக்கல."

"இன்னொண்ணு கேட்டாளா?"

கோல்காரர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கேட்டாளாடா?"

"கேட்டா."

"குடுத்தியா?"

"இல்ல மாமா. பயந்துட்டேன். நீங்க வந்துடுவீங்கன்னு சொன்னேன். சரின்னு படுத்துக்கிட்டா."

மேசையின் மேல் அட்டை கிடந்தது. அட்டைக்காரர் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"குடுத்திருக்கலாம்டா," என்றார்.

அதற்குப் பிறகு கோல்காரர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். அது கோணிக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை. வேறு யாருடைய அட்டையாக இருந்தாலும் அட்டைக்காரர் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார்.